வாற்று என்னும் படிக்கல்



சுன்னாகச் சந்தையில் வெங்காயம் நிறுக்கும் வியாபாரியின் படிக்கல்லுக்கு அரசாங்க முத்திரை வேண்டும். முத்திரையில்லாத கல்லால் நிறுத்துப் பிடிபட்டால் நீதிமன்றம்வரை போக நேரும். வெங்காயத்துக்கு இத்தனை காவல். ஆனால் அந்த வெங்காயம் விற்ற பணத்தைக் கொண்டு ஒருவர் பாட்டுக் கேட்கும் கருவியொன்றை வாங்கினால், அதன் முகப்பில் ‘நூறு வாற்று’ என்று பொறித்திருக்கும் எண்ணுக்கு முத்திரை எங்கே என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் காட்டுவார் இலர். இறாத்தலைப் போல வாற்றும் ஓர் அளவே. அந்த அளவு நேர்மையாக வழங்கிய காலமும் உண்டு. கள்ளத் தராசில் ஏறிய காலமும் உண்டு. சட்டம் தலையிட்டு அதனை மீட்ட காலமும் உண்டு. இக்கதையையே இன்று சொல்ல முற்படுகின்றேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒலித்தட்டின் ஊசியிலிருந்தோ ஒலிவாங்கியிலிருந்தோ வரும் மெல்லிய மின்னலையைப் பெருக்கி, ஒலிபெருக்கியை இயக்கும் வலுவைத் தரும் கருவியை நம் பாடநூல்கள் விரியலாக்கி என்று வழங்குகின்றன. கோயில் வீதியில் அதற்கு அம்பிளிபயர் என்று பெயர். தமிழ்ச் சொல்லிற் பற்றுடைய நானும் திருவிழாவுக்கு ஒழுங்கு செய்யும்போது அம்பிளிபயர் என்றே கேட்பது வழக்கம். விரியலாக்கி வேண்டுமென்று சொல்லிவிட்டால், வண்டியில் என்ன வந்து இறங்குமோ யார் அறிவார்!

இக்கருவியின் தாய் வால்வு ஆகும். 1906ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய லீ டி ஃபொறெஸ்ட் என்பவர் ‘ஓடியன்’ என்ற மும்முனை வால்வை உருவாக்கினார். ஒலியை மின்னால் பெருக்கலாம் என்பது அதன்பின் சில ஆண்டுகளிலே தெளிவாயிற்று. 1925ஆம் ஆண்டில் றைஸ், கெலொக் என்னும் இருவர் இன்று நாம் அறியும் வடிவிலான ஒலிபெருக்கியை ஆராய்ந்து வெளியிட்டனர். அதே ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி கொழும்பில் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட் நம் நாட்டு வானொலியைத் தொடக்கி வைத்தார். தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளராகிய எட்வேட் ஹாப்பர் என்பவர் அதற்கு முன்பே தந்தி நிலையத்துச் சிற்றறையொன்றிலிருந்து இசைத்தட்டு ஒலியைப் பரப்பிப் பார்த்திருந்தார். அந்நாளில் எவரும் எத்தனை வாற்று என்று கேட்கவில்லை. கேட்கிறதா இல்லையா என்பதே கேள்வி. கேட்டால் அதிசயம், அதிசயத்தை அளப்பார் உண்டோ?

அளக்கவேண்டிய தேவை தொலைபேசியால் வந்தது. நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பியில் இடையிடையே பல விரியலாக்கிகள் தொடராக அமைந்திருந்தன. ஒவ்வொன்றும் சிறிது குரலைத் திரித்தது. பத்தாவது கருவியைத் தாண்டும்போது பேசுபவர் யாரென்றே அறியமுடியாத நிலை வரும். அமெரிக்கத் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹரல்ட் பிளக் என்னும் இளம் பொறியியலாளர் இந்நோய்க்கு மருந்து தேடி ஆறாண்டுகள் அலைந்தார். 1927 ஓகஸ்ட் 2ஆந் திகதி காலை ஹட்சன் ஆற்றைத் தோணியிற் கடந்து வேலைக்குச் செல்லும்போது அவருக்கு விடை தோன்றியது. கையிலிருந்த செய்தித்தாளின் மீதே அதனை வரைந்தார். எதிர்ப் பின்னூட்டல் என்று நாம் மாணவருக்குக் கற்பிப்பது அதுவே. கறியை இறக்குமுன் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்துத் திருத்துகிறாள் அல்லவா தாய்? அதுபோல வெளிவரும் ஒலியின் ஒரு கூற்றைத் திருப்பியெடுத்து, உள்ளே வந்ததோடு ஒப்பிட்டு, பிழையை அந்தக் கணமே குறைப்பது அம்முறை. பெருக்கத்திற் பெரும்பகுதியை இழந்துதான் இந்தத் தூய்மையைப் பெறவேண்டும். பெருக்குவதற்கென்று செய்த கருவியின் பெருக்கத்தை வேண்டுமென்றே குறைப்பதா என்று காப்புரிமை அலுவலகத்தாரே ஐயுற்றனர். 1937ஆம் ஆண்டு கடைசியிலேதான் காப்புரிமை அவர் கைக்கு வந்தது.

திரிபு குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால், எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது என்று அளந்து காட்டவேண்டும். 1939ஆம் ஆண்டில் கலிபோனியாவில் ஹியூலெற், பக்கார்ட் என்னும் இரு நண்பர்கள் ஒரு வாகனக் கொட்டகையில் வைத்துத் தூய அலையைப் பிறப்பிக்கும் கருவியொன்றைச் செய்து 54 டொலர் 40 சதத்துக்கு விற்றனர். அதன் திருந்திய வடிவத்தில் எட்டினை வோல்ற் டிஸ்னியின் படக் கம்பனி ஒரு திரைப்படத்தின் ஒலியமைப்புக்காக வாங்கியது. இத்தகைய கருவிகள் மலிந்த பின்னரே சிறு பட்டறைக்காரனும் தன் விரியலாக்கியை அளக்கலாயினான்.

அளக்கும் முறை கடினமானதன்று. நம் உயர்தர மாணவர் செய்யக்கூடியதே. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் 8 ஓம் தடையொன்றை இணைப்பர். ஒலிபெருக்கியின் தடை ஒவ்வொரு சுரத்துக்கும் மாறும், தடைக்கம்பியோ மாறாது. அது பாடாது, சூடாகும். அந்தச் சூடே நமக்கு வேண்டிய ஆற்றல். செக்கனுக்கு 1,000 தடவை அதிரும் தூய அலையை உள்ளே செலுத்தி, மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே, அலைவுகாட்டியின் திரையை நோக்குவர். அலையின் முகடு உருண்டையாக இருக்கும்வரை கருவி நலமாக இருக்கிறது. முகடு அறுத்தெடுத்ததுபோலத் தட்டையாகும் கணத்திலே கருவி தன் எல்லையைத் தொட்டுவிட்டது. அதற்குச் சற்றுக் கீழே நிறுத்தி, தடையின் குறுக்கே உள்ள வோல்ற்றை வாசித்து, அதனை வர்க்கித்து எட்டால் வகுத்தால் வாற்றுக் கிடைக்கும். 9 வோல்ற்று என்றால் ஏறத்தாழ 10 வாற்று. அடுத்து, வெளிவரும் அலையிலிருந்து அந்த 1,000 அதிர்வை மட்டும் வடித்து நீக்கிவிட்டால் எஞ்சுவது, நாம் கொடுக்காமல் கருவி தானே சேர்த்த கலப்படம். கலப்படம் முழுமையின் எத்தனை நூற்றுவீதம் என்பதே திரிபின் அளவு.

இலண்டனிலே ஹரல்ட் லீக் என்பவர் 1945இல் வெளியிட்ட விரியலாக்கிக்குத் திரிபின் அளவையே பெயராக இட்டார். ‘பொயின்ற் வன்’, அதாவது நூற்றில் 0.1. முன்பு நூற்றுக்கு இரண்டு மூன்று திரிபைப் பொறுத்துக்கொண்டிருந்த உலகம் இதனை நம்ப மறுத்தது. 1947 ஏப்பிரல், மே இதழ்களில் ‘வயர்லெஸ் வேள்ட்’ என்னும் ஆங்கில ஏடு டி. ரீ. என். வில்லியம்சன் எழுதிய கட்டுரையை வெளியிட்டது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அவருக்கு அப்போது இருபத்துநான்கு வயது. 15 வாற்று, திரிபு 0.1இலும் குறைவு, எந்த வால்வு, எந்த நிலைமாற்றி, எத்தனை சுற்று என்று யாவற்றையும் மறைக்காமல் எழுதிவிட்டார். உலகின் பல பகுதிகளில் வீட்டு மேசைகளில் வைத்து அதனைக் கட்டினர். அவர் சொன்ன அளவை எவரும் தாமே அளந்து சரிபார்க்கக்கூடியதாக இருந்தது. நான் அக்கட்டுரையைப் போற்றுவது இதற்காகவே.

அதே 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூல் அரங்கேறியது என்பதையும் இங்கே நினைவுகூர விரும்புகிறேன். காரைதீவிற் பிறந்த அடிகளார் நம் குடாநாட்டுக்கு அந்நியர் அல்லர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். இங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்திலுள்ள மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தவர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அழிந்துபோன யாழ்களின் சுருதிகளைச் சிலப்பதிகார அரங்கேற்று காதையின் துணைகொண்டு எண்களாகக் கணித்துக் காட்டினார். ஒலியை எண்ணால் அளக்கலாம், அளந்ததைப் பிறர் சரிபார்க்கும்படி எழுதிவைக்கலாம் என்பது நமக்கு மேற்கிலிருந்து மட்டும் வந்த கருத்தன்று.

திரிபு என்று எண்ணாகச் சொன்னது காதுக்கு எப்படித் தோன்றும்? இதற்கு விடை நம் இசையிலே இருக்கிறது. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் தம்புரா மீட்டிப் பழகிய மாணவர் அறிவர்: ஒரு தந்தியை மீட்டினால் அதன் அடிச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்றொனிகளும் எழும். இரு மடங்கு மேல் ஸ்தாயி ஷட்ஜம். மூன்று மடங்கு அதற்கு மேலுள்ள பஞ்சமம். ஐந்து மடங்கு அந்தர காந்தாரம். இவை யாவும் சுரத்துக்கு உறவினர். ஏழாவது மடங்கோ எந்தச் சுரத்தானத்திலும் பொருந்தாது. மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கருஞ்சாந்தினால் அதன் மேற்றொனிகள் இவ்வாறு முழு மடங்குகளாக ஒழுங்குபெறுகின்றன என்று திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர் சி. வி. இராமன் 1920இலேயே காட்டினார். விரியலாக்கியின் திரிபும் இத்தகைய மேற்றொனிகளையே சேர்க்கிறது. இரண்டாவதைச் சேர்த்தால் ஒலி சற்றுக் கொழுத்ததாகத் தோன்றும். பலர் அதனை இனிமை என்று மயங்குவர். ஏழையும் ஒன்பதையும் சேர்த்தால் மணலைக் கடித்ததுபோலப் பல் கூசும். ஆகவே ஒரே அளவு திரிபுடைய இரண்டு கருவிகள் ஒன்றுபோல ஒலிக்கவேண்டும் என்ற நியதி இல்லை. வால்வில் மயக்கமுற்றோர் இன்றும் உலகெங்கும் உளர். அவர்கள் கேட்பது முழுக் கற்பனையன்று.

இனி இரட்டைக் காதுக்கு வருவோம். அலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயர் 1931 டிசெம்பரிலே இருவழி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1942இல் போருக்கான ராடர் கருவியொன்றைச் சோதிக்கும்போது விமான விபத்தில் அவர் இறந்தார்; தம் கண்டுபிடிப்பு வீடுதோறும் புகுந்ததை அவர் காணவில்லை. 1958ஆம் ஆண்டிலேதான் ஸ்ரீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. அதனோடு ஒரே பெட்டியில் இரு விரியலாக்கிகள் குடியேறின. அளப்பவருக்கு வேலை இரட்டித்தது. இடப்பக்கத்து ஒலி வலப்பக்கத்தில் எவ்வளவு கசிகிறது என்று அளக்கவேண்டும். அதைவிட முக்கியமானது, இரு பக்கமும் ஒருங்கே உழைக்கும்போது ஆற்றல் எவ்வளவு என்பது. ஒரே கிணற்றில் இரு துலா போட்டால் நீர் இரு மடங்காகிவிடுமா? இரண்டுக்கும் பொதுவான மின்வழங்கி களைத்துப்போக, தனித்தனியே அளந்தபோது கிடைத்தது கூட்டாக அளக்கையிற் கிடைக்காது.

இவ்விடத்திலேதான் கள்ளத் தராசு புகுந்தது. பக்கத்துக்கு 10 வாற்று தரும் கருவியொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டி 20 என்றனர். அலையின் உச்சியில் கணப்பொழுது தோன்றும் ஆற்றல் சராசரியின் இரு மடங்கு. ஆகவே 40 என்றனர். மின்வழங்கி களைப்பதற்கு முந்திய கணத்தை அளந்து ‘இசை ஆற்றல்’ என்று பெயரிட்டு இன்னும் ஏற்றினர். திரிபு எவ்வளவு என்று சொல்லாமல் விட்டபோது ஏற்றத்துக்கு எல்லையே இல்லாது போயிற்று. 1960களின் அமெரிக்க விளம்பரங்களில் இவ்வழக்கம் மலிந்தது.

நியாயத்தைச் சொல்லவேண்டும்: இசை ஆற்றல் என்ற கருத்து முழுப்பொய்யன்று. அளவெட்டி தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. தவிலின் ஓர் அடி, சராசரி ஒலியைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான ஆற்றலை ஒரு கணம் வேண்டும், மறுகணம் ஓய்வு. தொடர்ந்து 10 வாற்றே தரும் கருவி ஒரு கணம் 15 தருமானால், அந்த அடி அறுபடாமல் வரும். அந்த 15 உண்மையான பயன்தான். அதனைத் தனியே 15 என்று சொல்லியிருந்தால் எவர் குறைசொல்வர்? 40 உடனும் 60 உடனும் குழைத்துக் கொடுத்ததே குற்றம்.

ஈற்றில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு சட்டம் செய்தது. 1974 நவம்பர் முதல் அந்நாட்டில் வீட்டு விரியலாக்கியின் ஆற்றலை விளம்பரம் செய்வோர், இரு பக்கமும் ஒருங்கே இயங்கும் நிலையில், எத்தனை ஓம் தடையில், எந்த மீடிறனிலிருந்து எந்த மீடிறன்வரை, எவ்வளவு திரிபுக்குள் என்று சேர்த்தே சொல்லவேண்டுமாயிற்று. அளப்பதற்கு முன் மூன்றிலொரு பங்கு ஆற்றலில் ஒரு மணிநேரம் ஓட்டவும் அன்று வேண்டியிருந்தது. முழு ஆற்றலைவிட இந்த மூன்றிலொரு பங்கிலேதான் பல திரான்சிஸ்ரர்க் கருவிகள் மிகுதியாகச் சூடேறும். உற்பத்தியாளர் முணுமுணுத்தனர், ஆயினும் அப்பத்தாண்டுக் கருவிகளின் பின்புறத்திலே பெரிய உலோகச் செட்டைகள் முளைத்ததற்கு இவ்விதியும் ஒரு காரணம். 2024 ஓகஸ்டில் இவ்விதி மேலும் இறுக்கப்பட்டது: 8 ஓம், 20 முதல் 20,000 மீடிறன், திரிபு நூற்றுக்கு ஒன்றுக்குள் என்று சோதனை நிலைமைகளே ஒன்றாக்கப்பட்டன.

எண்ணைத் துரத்துவோர் அதன்பின்பும் ஓயவில்லை. வாற்றில் ஏற்ற முடியாதபோது திரிபில் இறக்கினர்: 0.01, 0.001 என்று. பின்னூட்டலை அளவுக்கு மீறிப் பெய்தால் நீடித்த அலையில் எண் அழகாக வரும். திடீரென எழும் ஒலியில் கருவி தடுமாறும் என்று பின்லாந்து அறிஞர் மட்டி ஒட்டாலா 1970இல் எழுதினார்.

நம் நாட்டுக் கதை வேறு. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. அக்காலத்தில் நம் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போயின. கையில் பணம் இருந்தது, கடையில் ஸ்ரீரியோ இல்லை. 1977இன் பின் கதவு திறந்தது. ஸ்ரீரியோ வந்தது; கூடவே வெளிநாட்டு வெங்காயமும் வந்து நம் கமக்காரர் கையைக் கடித்தது. வந்தவற்றுள் ஜப்பானிய நற்கருவிகள் பல. அவற்றைத் தொடர்ந்து, ‘பி.எம்.பி.ஓ.’ என்ற எழுத்துகளுக்கு மேல் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் வாற்றுப் பொறித்த பெட்டிகளும் வந்தன. அமெரிக்கச் சட்டம் கடல் தாண்டி வரவில்லை. அவ்வெழுத்துகளுக்கு ஒப்புக்கொண்ட வரைவிலக்கணமே கிடையாது. நேயர்களுக்கு ஓர் எளிய சோதனை சொல்கிறேன்: பெட்டியின் பின்புறத்தில், அது மின்சாரத்திலிருந்து எத்தனை வாற்று உண்ணும் என்று சிற்றெழுத்தில் எழுதியிருக்கும். 20 வாற்று உண்ணும் கருவி 500 வாற்றைத் தொடர்ந்து உமிழாது.

பின்னர் வந்த ஆண்டுகளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990இன் பின் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஸ்ரீரியோக்கள் துணி போர்த்திக் கிடந்தன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அவற்றைத் தூக்கிச் சென்றவர் மிகச் சிலர். திரும்பி வந்தபோது இருந்தவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு.

அப்படி இருந்தவற்றுள் ஒன்றைப் பழைய மாணவர் ஒருவர் எங்கள் பாடசாலைக்கு அளித்தார். 1980ஆம் ஆண்டளவிற் கொழும்பில் வாங்கியது. முகப்பில் 100 வாற்று. பரிசளிப்பு விழாவுக்கு மைதானத்தில் இதுவே போதும், வாடகைப் பணம் மிச்சம் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் மகிழ்ந்தனர். பௌதிகவியல் ஆசிரியர், ‘சேர், முதலில் அளந்து பார்ப்போம்’ என்றார். நெடுநாள் உறங்கிய மின்பகு கொள்ளளவிகளுக்கு ஒரேயடியாக முழு மின்சாரம் கொடுத்தால் வெடித்துவிடக்கூடும் என்பதால், மின்குமிழ் ஒன்றைத் தொடரில் இணைத்துப் படிப்படியாக எழுப்பினார். இடப்பக்கத்தில் இரைச்சல் இருந்தது. நமது வெப்பத்தில் இக்கொள்ளளவிகள் விரைவில் வறண்டுவிடும். இரண்டை மாற்றியதும் இரைச்சல் அடங்கியது. பிறகு மாணவர் சூழ நிற்க 8 ஓம் தடைகளை இணைத்தார். ஒரு பக்கம் மட்டும் இயங்கியபோது 14 வோல்ற்று, ஏறத்தாழ 24 வாற்று. இரு பக்கமும் இயங்கியபோது 12.6 வோல்ற்று, ஏறத்தாழ 20 வாற்று. மாலையில் ஊரெல்லாம் விளக்கேற்றும் வேளையில் மின்சாரம் பத்திலொரு பங்கு தாழ்ந்தால், வர்க்கக் கணக்குப்படி இந்த இருபதும் பதினாறாகிவிடும் என்று மாணவி ஒருத்தி கரும்பலகையில் கணித்துக் காட்டினாள்.

காதுக்கு இருபதுக்கும் இருபத்துநான்குக்கும் வேற்றுமை மிகச் சிறிது. ஒரு டெசிபெல்கூட இல்லை. ஒரு வகுப்பறைக்கு இருபது வாற்று தாராளம். திறந்த மைதானத்துக்கு வீட்டு ஒலிபெருக்கியோடு அது போதவே போதாது. கோயில் வீதியில் இதனையொத்த வாற்றுக் கருவி ஊர் முழுவதும் கேட்கிறதே என்றால், அங்கே கட்டியிருப்பது கூம்பு ஒலிபெருக்கி; வீட்டுப் பெட்டியைவிடப் பன்மடங்கு ஆற்றலை ஒலியாக மாற்றவல்லது. விழாவுக்கு வழக்கம்போல வாடகைக்கே எடுத்தோம். கருவி சங்கீத அறைக்குப் போயிற்று. நல்ல விலை தருகிறேன் என்று கேட்டு வந்த ஒருவரும் முகப்பிலுள்ள நூறையே சுட்டிக்காட்டிப் பேசினார். ஆசிரியர் அவரிடம் ஆய்வுகூடக் குறிப்பேட்டை நீட்டினார்.

அக்குறிப்பேட்டில் திகதியின் கீழ் இவ்வாறு எழுதியிருக்கிறது: தடை 8 ஓம், மீடிறன் 1,000, இரு பக்கமும் இயங்குகையில் பக்கத்துக்கு 20 வாற்று, மின்வழங்கல் 228 வோல்ற்று. திரிபு என்ற இடம் வெறுமையாக உள்ளது. அலைவுகாட்டியின் திரையில் முகடு உருண்டையாகத்தான் தெரிந்தது. ஆனால் நூற்றுக்கு ஒன்றுக்குக் குறைந்த திரிபைக் கண்ணால் காணவியலாது. அதற்கான மானி எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லை. இரவல் தருமாறு கேட்டு ஆசிரியர் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறார்.